இடது கீழ்த்தாடை

கரிவலம்வந்தநல்லூர்
14.2.2025

மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு, மாரிசெல்வி அவர்களுக்கு,

மூக்காண்டி எழுதுவது. தங்கச்சி என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. ஆறு வருஷமாக வராதது, தாடை உடைந்துவிட்டது என்பதற்காக வந்துவிடாது. அதனால் உன் வேலைப் பெயரைப் போட்டே எழுதுகிறேன்.

என் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டி அனுப்பிவிட்டார்கள். இன்னும் நாலு வாரம் வாயைத் திறக்க முடியாது. திறக்க முடிந்தாலும் உன்னோடு போனில் பேச மாட்டேன். போனில் சொன்னதை நாளைக்குச் சொல்லவில்லை என்பாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அழித்துவிடலாம். எனக்குக் காகிதத்தில் பதில் வேண்டும்.

நேற்று உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து தபால் வந்தது. காப்பீட்டுக்காரர்கள் பணம் தர மறுத்துவிட்டார்களாம். அறுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாயை நானே கட்ட வேண்டுமாம். காரணத்தை மூன்று தடவை படித்தேன். அட்மிஷன் பதிவில் ‘இடது கீழ்த்தாடை எலும்பு முறிவு’ என்று இருக்கிறது. அவர்கள் அனுமதி கொடுத்தது இடதுக்கு. டாக்டர் பிளேட் வைத்தது வலதில். எக்ஸ்ரே படமும் வலது. ஆகவே ஒன்று தப்பான பக்கத்தில் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் அந்த எக்ஸ்ரே வேறு யாருடையதோ, என் காப்பீட்டு அட்டையை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். அதாவது நான் ஆள்மாறாட்டக்காரன்.

கிடாவுக்குக் கயிறு மாற்றக் குனிந்தேன். எனக்கு வலக்கை விரல்கள் சுருண்டவை என்பது உனக்குத் தெரியும். ஒற்றைக் கையால் கட்டிக்கொண்டிருந்தபோது முட்டிவிட்டது. வலக்கன்னத்தில்தான் முட்டியது. அந்தக் கிடாவுக்குக்கூடத் தெரியும், எந்தப் பக்கம் முட்டியது என்று.

தபாலோடு வந்த அந்தப் பதிவின் நகலில், அடியில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்த்தேன். உன்னுடையது. பதினாறு வருஷமாக இதே வேலை பார்க்கிறவளுக்கு இடது எது, வலது எது என்று தெரியாது என்று சொன்னால், காதில் பூ வைத்திருக்கிறவனிடம் போய்ச் சொல்.

உன் கையெழுத்து எனக்குப் புதிது இல்லை. திருநெல்வேலியில் அப்பா கிடந்தபோதும் ஒரு காகிதத்தில் போட்டாய். ‘டாக்டரின் ஆலோசனைக்கு மாறாக, சொந்த விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்கிறோம்.’ ஆம்புலன்ஸ் சங்கரன்கோவிலைத் தொடுவதற்குள் அப்பா போய்விட்டார். அன்றைக்கு அப்பா, இன்றைக்கு நான்.

உங்கள் மேனேஜருக்கும் எழுதிப் போட்டுவிட்டேன். இந்தப் பெண்ணுக்கு என் மேல் பழைய பகை உண்டு, வேண்டுமென்றே மாற்றி எழுதினாள் என்று. நீ என்ன பதில் சொல்லப் போகிறாய் என்று பார்க்கிறேன்.

மூக்காண்டி

*

சங்கரன்கோவில்
18.2.2025

அண்ணனுக்கு,

உங்களுக்குக் கை வரவில்லை என்றால் இருக்கட்டும். எனக்கு வருகிறது, எழுதுகிறேன்.

முதலில் உங்கள் தாடை. வலக்கன்னத்துக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். தையல் தட்டும். இடப்பக்கம் ஒன்றும் இருக்காது. ஆபரேஷன் சரியான இடத்தில்தான் நடந்திருக்கிறது. இரண்டு பிளேட், எட்டு ஸ்க்ரூ. ஒவ்வொன்றும் வந்த உறையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் நம்பர் இருக்கும். அத்தனையையும் உங்கள் ஃபைலில் நானே ஒட்டினேன். அதில் எந்தக் கோளாறும் கிடையாது.

கோளாறு என் பதிவில்தான். ‘இடது’ என்று எழுதியது நான். அது என் கையெழுத்துதான். மறுக்க மாட்டேன்.

அது சாதாரணத் தப்பாகப் போயிருக்கும். திருத்தக் கடிதம் ஒன்று அனுப்பி, டாக்டர் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தால் பல கேஸ்களில் ஒத்துக்கொள்வார்கள். அதற்குள் உங்கள் கடிதம் மேனேஜர் கண்ணன் மேஜைக்கு வந்துவிட்டது. ‘பகை’ என்று ஒரு வார்த்தை எழுதினீர்களே, அதற்குப் பிறகு அது தப்பு இல்லை, குற்றம். மார்ச் பத்தாம் தேதி காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து டாக்டர் ஒருவர் விசாரிக்க வருகிறார். வேண்டுமென்றே பொய்ப் பதிவு செய்தேன் என்று அவர் எழுதிவிட்டால் எனக்கு வேலை போகும். வேலையோடு நிற்காது, போலீஸில் புகாரும் கொடுப்போம் என்று கண்ணன் சார் சொல்லிவிட்டார். அதன் பிறகு எந்த ஆஸ்பத்திரியிலும் என்னைப் படியேற விட மாட்டார்கள்.

‘என்னம்மா பகை? அந்த ஆளை உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. சொந்தக்காரர்கள் வந்தால் அவர்கள் ஃபைலை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் விதி. ‘நோயாளி உங்களுக்கு உறவா’ என்று கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் வரும். ‘இல்லை’ என்று போட்டேன். ஆறு வருஷமாக ஊரெல்லாம் நீங்கள் சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் பதிந்தேன்.

என்னைச் சந்தேகப்படுகிறீர்கள். எனக்கும் உங்கள் மேல் ஒரு சந்தேகம் இருக்கிறது. அந்த ‘இடது’ என்ற வார்த்தைக்கு அடியில் என் கையெழுத்தைப் பார்த்ததும் உங்களுக்குக் கோபம் வந்ததா, சந்தோஷம் வந்ததா?

கஞ்சியை நன்றாக வடிகட்டிக் குடியுங்கள். வாந்தி வருகிற மாதிரி இருந்தால் கம்பியை வெட்டுவதற்கு ஒரு கட்டிங் பிளேயர் கொடுத்தனுப்பினோம். அதைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

மாரிசெல்வி

*

கரிவலம்வந்தநல்லூர்
22.2.2025

மாரிசெல்விக்கு,

சந்தோஷம்தான் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷமாக நான் சொன்னதை யாரும் முழுசாக நம்பவில்லை. ‘அவ உம்ம தங்கச்சி வே, அப்பனைச் சாவக் குடுப்பாளா’ என்றுதான் ஊரில் எல்லாரும் கேட்டார்கள். இப்போது காகிதமே பேசுகிறது அல்லவா.

எக்ஸ்ரே படத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். பில்லில் எட்டு ஸ்க்ரூ. படத்தில் ஆறுதான் இருக்கிறது. வீட்டுக்காரி சங்கரேஸ்வரியை விட்டும் எண்ணச் சொன்னேன். ஆறுதான். மீதி இரண்டு எங்கே? யார் தாடையில் இருக்கிறது? தாடை என்னுடையது, கணக்கு உங்களுடையது.

இது போகட்டும். நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரி ஆள் ஒருவன் பைக்கில் வந்தான். கையில் ஒரு காகிதம். ‘ஒரு சின்னக் கையெழுத்து அண்ணாச்சி, போட்டா பில்லு தள்ளுபடி ஆயிரும்’ என்றான். படித்துப் பார்த்தேன். ‘இடது பக்கம் என்று தவறான தகவல் கொடுத்தது நான்தான். ஊழியர் மேல் தவறு இல்லை’ என்று டைப் அடித்திருந்தது. தேதி போடுகிற இடம் காலி. சாட்சிக் கையெழுத்து இடமும் காலி. பேச முடியாதவனிடம் வந்து, தவறாகப் பேசினேன் என்று எழுதி வாங்கப் பார்க்கிறார்கள்! வந்தவனைத் திட்டவும் வாய் இல்லை. காகிதத்தைப் பிடுங்கிக் கிடாவுக்கு முன்னால் போட்டேன். அதுவும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அது உன் யோசனைதானே? உன் கழுத்துக்கு வந்ததை என் தலையில் கட்டப் பார்க்கிறாய். பழைய ஆள் இல்லை நான். எழுத்துக் கூட்டியாவது எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

ஒரே ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல். தப்பு என்று ஒத்துக்கொள்கிறாய். ஏன் அந்தத் தப்பு வந்தது? வலது என்று எழுத வேண்டிய கை எப்படி இடது என்று எழுதும்? அதைச் சொல்லாமல் பிளேயர், கஞ்சி என்று எழுதி என்னை மயக்காதே.

மூக்காண்டி

*

சங்கரன்கோவில்
26.2.2025

அண்ணனுக்கு,

அந்தக் காகிதத்தை நான் அனுப்பவில்லை. கண்ணன் சார் அனுப்பியிருக்கிறார். பில்லிங்கில் இருக்கிற ஷாஹின் பானு இன்றைக்குத்தான் என்னிடம் சொன்னாள். நீங்கள் அதில் கையெழுத்துப் போட்டால் நான் தப்பித்துவிடுவேன், உண்மைதான். ஆனால் பொய்த் தகவல் கொடுத்தவர் என்று உங்கள் பெயர் ஏறும். அப்புறம் அந்த அட்டையைக் கொண்டு உங்களுக்கோ மதினிக்கோ ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ள முடியாது. திரும்பவும் யாராவது வந்தாலும் போடாதீர்கள். நான் எழுதிக் கேட்டாலும் போடாதீர்கள்.

ஸ்க்ரூ எட்டும் உங்கள் தாடையில்தான் இருக்கின்றன. நேராக எடுத்த படத்தில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று மறைந்திருக்கும். கவரில் பக்கவாட்டில் எடுத்த படம் இன்னொன்று இருக்கிறது. அதில் எண்ணுங்கள்.

இனி உங்கள் கேள்வி. ஏன் இடது என்று எழுதினேன்?

நானும் பத்து நாளாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குத் திங்கட்கிழமை, கூட்டம் அதிகம். ஷாஹின் பானு லீவு. துண்டை வைத்து வாயைப் பொத்திக்கொண்டு வீல்சேரில் வந்தீர்கள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நானும் நிமிரவில்லை. மதினிதான் பதில் சொன்னாள். பெயர், வயசு, எப்போது அடிபட்டது, எதனால், எந்தப் பக்கம். அவள் சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். ஒரு தடவை நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்த்திருந்தால் வீக்கம் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. மதினி தெளிவாகத்தான் சொன்னாள். எனக்குக் குழப்பமே இல்லை. இடது என்று அவ்வளவு நிச்சயமாக அடித்தேன்.

அதுதான் பயமாக இருக்கிறது. குழம்பி எழுதியிருந்தால் கைத்தவறு என்று விட்டுவிடலாம். நிச்சயமாக எழுதியதை என்னவென்று சொல்வது? அப்பா காரியத்தன்று என்னைப் பந்தலுக்கு வெளியே நிறுத்தினீர்களே, அது என் மனசுக்குள் கிடந்து புழுங்கி, எனக்கே தெரியாமல் கைவழியாக வந்துவிட்டதோ என்று நினைக்கிறேன். நான் அப்படிப்பட்டவளா? நீங்கள் சொல்லுவது நிஜமாக இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தூக்கம் இல்லை.

அந்தத் திருநெல்வேலிக் கையெழுத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இனிமேல் சொல்ல வாய்க்காது. டாக்டர் இன்னும் இரண்டு நாள்தான் தாங்குவார் என்றார். அப்பா என் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டு, ‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ தாயி, இங்கன குழாய மாட்டிக்கிட்டு என்னால கெடக்க முடியல’ என்றார். போட்டேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் நீங்களும் போட்டிருப்பீர்கள்.

பத்தாம் தேதிக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியவில்லை.

மாரிசெல்வி

*

கரிவலம்வந்தநல்லூர்
4.3.2025

மாரி,

இந்தக் கடிதத்தைப் பஸ்காரரிடம் கொடுத்து இன்றைக்கே உன் கையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். தபாலுக்குக் காத்திருக்க முடியாது.

நேற்றுக் காலையில் சங்கரேஸ்வரி எனக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, கடைவாய்க்குப் பின்னால் இருக்கிற சந்தில் விடுவாள். விட்டுக்கொண்டே, ‘சோத்தாங்கைப் பக்கம் வீக்கம் வத்திட்டு பாத்தியளா’ என்றாள். நான் சட்டென்று இடது கன்னத்தைத் தொட்டேன். ‘அது இல்ல, சோத்தாங்கைப் பக்கம்’ என்று சொல்லி, வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

கஞ்சி வெளியே வந்துவிட்டது. நோட்டை எடுத்து எழுதிக் கேட்டேன்: அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எந்தப் பக்கம் என்று கேட்டபோது நீ என்ன சொன்னாய்? ‘என்ன சொன்னேன்? சோத்தாங்கைப் பக்கம்னு சொன்னேன். அவ அடிச்சுக்கிட்டா’ என்றாள்.

உனக்கு இப்போது புரிந்திருக்கும். புரியாவிட்டாலும் எழுதுகிறேன், மார்ச் பத்தாம் தேதி இந்தக் காகிதம் உனக்கு வேண்டியிருக்கும்.

உலகத்தில் எல்லாருக்கும் சோத்தாங்கை என்றால் வலக்கை, சோறு தின்கிற கை. எனக்கு நாலு வயசில் கொதிக்கிற கஞ்சிப் பானை கவிழ்ந்து வலக்கை விரல்கள் சுருண்டுபோயின. இடக்கையால் தின்றேன். பந்தியில் யாரோ பீச்சாங்கையால் தின்கிறான் என்று சிரித்துவிட்டார்கள். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வந்து, இடக்கையைப் பிடித்து, ‘இதுதாம்ல உனக்குச் சோத்தாங்கை, எவன் சிரிச்சாலும் இதத்தான் சொல்லணும்’ என்றாள். அன்றிலிருந்து நம் வீட்டில் இடதுதான் சோத்தாங்கை. அப்பாவும் அப்படித்தான் சொல்லுவார். நீ பிறந்ததே அதற்கப்புறம். நீ அந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டதே என் கையைப் பார்த்துத்தான். ஒண்ணாம் வகுப்பில் சோத்தாங்கையைத் தூக்கு என்று டீச்சர் சொன்னதற்கு இடக்கையைத் தூக்கி, தலையில் குட்டு வாங்கிக்கொண்டு அழுதபடி வந்தாய். ‘எங்க வீட்ல இதுதான்’ என்று அவர்களோடு சண்டை வேறு போட்டிருக்கிறாய்.

சங்கரேஸ்வரி சிவகிரிக்காரி. அம்மா முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. அவள் ஊர்ப் பேச்சில் சொன்னாள். நீ வீட்டுப் பேச்சில் கேட்டுக்கொண்டாய்.

உன் மனசில் வஞ்சம் இருந்து எழுதினாயோ என்று நீயே சந்தேகப்பட்டு எழுதியிருந்தாய். ஏட்டி, உனக்கு என் மேல் வஞ்சம் இருந்திருந்தால் அந்த வார்த்தை உனக்கு ஊராருக்குக் கேட்கிற மாதிரி கேட்டிருக்கும். வலது என்று சரியாக எழுதியிருப்பாய். ஆயிரம் பேர் வந்து அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள், ஆயிரம் தடவையும் வலது என்றே எழுதியிருப்பாய். நான் வந்து உட்கார்ந்ததும் உனக்கு என் கை ஞாபகம் வந்துவிட்டது.

முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அண்ணன்

*

சங்கரன்கோவில்
7.3.2025

அண்ணனுக்கு,

மூன்று நாளாகப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்து போய்க்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தைக் கழிவறைக்குள் போய் நின்று படித்தேன். வெளியே வந்ததும் ஷாஹின் பானு, ‘யாராவது தவறிட்டாங்களா?’ என்று கேட்டாள். அப்படி அழுதிருக்கிறேன்.

நீங்கள் எழுதியது சரிதான். மதினி சொன்னது இப்போது காதில் கேட்கிறது. அவள் அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்கு அது வார்த்தையாகவே தெரியவில்லை. நீங்கள் தட்டைப் பிடித்துக்கொண்டு தின்கிற கைதான் தெரிந்தது.

ஆனால் இது போதாது. விசாரணைக்கு வருகிறவரிடம் இதைச் சொன்னால், முதலில் ‘நீங்கள் அண்ணன் தங்கையா’ என்று கேட்பார். ஆமாம் என்றால், உறவு இல்லை என்று பதிந்தது இன்னொரு பொய். அது போதாதென்று, பொய்யை மறைக்க ஒரு கதை கட்டி வந்திருக்கிறாள் என்பார்கள். நான் மட்டும் சொன்னால் கதைதான். இந்த ஊரில் எனக்காகச் சாட்சி சொல்ல உங்கள் ஒருவருடைய கையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

பத்தாம் தேதி காலை பத்து மணிக்கு மதினியையும் கூட்டிக்கொண்டு வருவீர்களா? கேட்கவே தயக்கமாக இருக்கிறது. வாய் கட்டியிருக்கிறது, பஸ்ஸில் ஆள் முன்னால் உட்கார வேண்டும், உங்களுக்குக் கூச்சம். அதைவிட, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்துவிடுவீர்களோ என்று பயம். கோபித்துக்கொள்ளாதீர்கள். இத்தனை வருஷத்துப் பயம் ஒரு கடிதத்தில் போய்விடாது.

வராவிட்டாலும் சரி. நான் உண்மையைத்தான் சொல்லுவேன்.

மாரிசெல்வி

*

கரிவலம்வந்தநல்லூர்
16.3.2025

மாரிசெல்விக்கு,

பத்தாம் தேதி அவ்வளவு கூட்டத்தில் உன்னிடம் ஒன்றும் எழுதிக்காட்ட முடியவில்லை. என்னை உள்ளே கூப்பிட்டபோது நீ வெளியே பெஞ்சில் இருந்தாய். உள்ளே என்ன நடந்தது என்று கண்ணன் உனக்கு முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. நான் சொல்கிறேன்.

வந்த டாக்டர் முதலில் என்னைப் புதிதாக ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். பழைய படத்தோடு வைத்துப் பார்த்தார். அதே பிளேட், அதே பல் வரிசை. ஆள்மாறாட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது. இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். அவர் சிரித்தார், கண்ணன் சிரிக்கவில்லை.

பிறகு உன் விஷயம். சோத்தாங்கைக் கதையை நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சங்கரேஸ்வரியைக் கூப்பிட்டு, அன்றைக்கு என்ன சொன்னாய் என்று கேட்டார். சொன்னாள். சோத்தாங்கையைக் காட்டு என்றதும் வலக்கையைத் தூக்கினாள். என் கையை மேஜைமேல் வைக்கச் சொல்லி, அந்தச் சுருண்ட விரல்களை ரொம்ப நேரம் பார்த்தார். ‘அந்தப் பெண்ணுக்கு உங்கள் மேல் பகை என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?’ என்றார். பகை எனக்குத்தான், அவளுக்கு இல்லை என்று எழுதினேன். அதை அவர் வாய்விட்டுப் படித்தார். சங்கரேஸ்வரி முந்தியால் கண்ணைத் துடைத்தாள். பில்லை ஒத்துக்கொள்கிறேன், பொய்ப் பதிவு என்ற பேச்சுக்கு இடமில்லை என்று அவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தேன்.

உறவை மறைத்ததற்கு உன்னை அட்மிஷன் டெஸ்கிலிருந்து எடுத்துப் பழைய ஃபைல் அறைக்கு மாற்றியிருக்கிறார்களாம். வேலை போகாததற்குக் கண்ணன் சாருக்கு நான் கும்பிடு போட்டேன். போட்டிருக்க வேண்டாம்தான்.

பன்னிரண்டாம் தேதி கம்பியை எடுத்தார்கள். வாய் இரண்டு விரல் அகலம் திறக்கிறது. பேச்சு வருகிறது, கொஞ்சம் வழுக்குகிறது. முதல் காரியமாக உனக்குப் போன் போட்டேன். ‘ஹலோ, யாரு?’ என்றாய். வைத்துவிட்டேன். என்னால் வாயால் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. அதை எழுதினால்தான் உனக்குச் சொன்னதாக ஆகும்.

அப்பா திருநெல்வேலியில் கிடந்தபோது நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தேன். உன் போன் வந்தது. ஒரு தடவை இல்லை, பல தடவை. கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. எடுத்தால் அப்பாவை வைத்திருக்கவா, கூட்டிப்போகவா என்று கேட்பாய். என்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்று தெரியும். பயம். எடுக்காமல் இருந்தால் நீயே பார்த்துக்கொள்வாய் என்று இருந்துவிட்டேன். நீ பார்த்துக்கொண்டாய். அப்புறம் ஊரில் எல்லாரிடமும் டவர் இல்லை என்று சொன்னேன். அதை மூடி மறைக்கத்தான் உன் கையெழுத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பொய்யை நிறுத்தி வைக்க உன்னைப் பந்தலுக்கு வெளியே நிறுத்த வேண்டியிருந்தது.

இதைப் படித்துவிட்டு நீ எனக்கு எழுதாமல் போனால் அது நியாயம்தான்.

அண்ணன்

*

சங்கரன்கோவில்
19.3.2025

அண்ணனுக்கு,

ஃபைல் அறையில் ஒரே தூசி, தும்மிக்கொண்டே எழுதுகிறேன்.

டவர் இல்லாத போனுக்கு மணி அடிக்காது. ‘தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்’ என்று ஒரு பெண் சொல்லுவாள். அன்றைக்கு நான் பதினொரு தடவை போட்டேன். பதினொரு தடவையும் மணி முழுசாக அடித்து நின்றது. எனக்கு அன்றைக்கே தெரியும். அப்பா மூச்சு இருக்கும்போதே தெரியும். ‘மூக்காண்டி என்னம்மா சொல்லுதான்?’ என்று அப்பா கேட்டார். ‘கூட்டிட்டு வரச் சொல்லுதான்ப்பா, வீட்ல காத்துக்கிட்டு இருக்கானாம்’ என்று சொன்னேன். அவருக்கு முகம் அப்படியே தெளிந்துவிட்டது. அந்த முகத்தோடுதான் போனார்.

இதைப் பந்தலில் நின்று சொல்லியிருக்கலாம். ஊர் முழுக்க என் பக்கம் வந்திருக்கும். உங்களுக்குப் போக்கிடம் இருந்திருக்காது. அதனால் விட்டுவிட்டேன். அதற்காக எனக்குக் கோபம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு வருஷம் அதை உள்ளேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். நீங்கள் எழுதிவிட்டதால் அது குறைந்துவிடவில்லை. இன்றைக்குத்தான் நிஜமாக வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். மதினியிடம் சொல்லி வையுங்கள். கோபத்தோடுதான் வருவேன்.

மாரிசெல்வி